பண்பொழிக்குப் போய்ப் போட்ட கையெழுத்து

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆனி மாதக் கடைசியில், வாதம் பிடித்த முழங்காலை அருவிக்குக் காட்டலாமென்று நான் குற்றாலம் புறப்பட்டேன். புறப்படுவதற்கு முதல் நாள் ஒரு வேலை பாக்கி இருந்தது. பென்ஷன் வாங்குகிறவன் உயிரோடு இருக்கிறான் என்று அவ்வப்போது ஓர் அதிகாரி எழுதித் தர வேண்டும். நான் நேரில் போய் நின்றால் போதாது. நிற்பவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு இன்னொருவர் சாட்சி வேண்டும். என் பழைய ஆபீசில் ஒருவர், இலைப் பொட்டலத்தைப் பிரித்தபடியே, தலையைத் தூக்காமல் கையெழுத்திட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருபத்திரண்டு வருஷம் பாஸ்போர்ட் விண்ணப்பங்களைப் பார்த்தவன் நான். 'இந்தப் படம் விண்ணப்பதாரரின் உண்மையான சாயல். இவரை எனக்கு நேரில் தெரியும்' என்று படத்தின் முதுகில் எழுதி ஒப்பமிடும் அதிகாரம் அப்போதும் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு ஆனரரி மாஜிஸ்திரேட் ஆனதால் இப்போதும் இருந்தது. எத்தனை முகங்களுக்குச் சாட்சி சொன்னேன் என்பது எனக்குத் தெரியாது. எத்தனை முகங்களைப் பார்த்தேன் என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

காலை 7.40. திருநெல்வேலியில் ரயில் ஏறினேன். தென்காசிக்கு மூன்றாம் வகுப்பு பதினைந்து அணா. எதிர் இருக்கையில் ஒரு மரக் காண்டிராக்டர். திருவனந்தபுரத்திலிருந்து பம்பாய்க்கு ஆகாய விமானத்தில் போய் வந்தவராம். அம்பாசமுத்திரம் தாண்டும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

"மூட்டையை நிறுத்தான் சார், சரி. ஆளையும் தராசுல ஏத்தி நிறுத்துட்டான். பேரைக் கேட்டான், எழுதிக்கிட்டான். நான்தான் நான்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. உங்கள் எடை தெரியும்" என்றேன்.

அவர் சிரித்தார். பாவூர்சத்திரத்தில் வெங்காய மூட்டைகள் ஏறியதும் பேச்சு நின்றது. மேற்கே மலையைக் காணோம். மலை இருக்க வேண்டிய இடத்தில் ஈரத் துணி தொங்கவிட்டதுபோல் மேகம். தென்காசியில் இறங்கியபோதே முகத்தில் சாரல். குற்றாலத்துக்கு மூன்றரை மைல். ஜட்கா எட்டணா கேட்டது, ஆறணாவுக்கு வந்தது.

மாலை 4 மணி. பேரருவிக்குப் போனேன். போகாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அருவிக்குக் கீழே நிற்பவனுக்கு முகம் கிடையாது. தண்ணீர் அதைத் தட்டையாக்கிவிடுகிறது. நாற்பது பேர் வாயைத் திறந்து கத்துகிறார்கள், ஒரு சத்தமும் கேட்பதில்லை. யார் தாசில்தார், யார் சமையற்காரன் என்று சொல்ல முடியாது. என்னைப் போன்றவனுக்கு அது நல்ல காட்சியல்ல.

அறைக்குத் திரும்பினால் அங்கே ஒருவர் காத்திருந்தார். அறைக்குச் சொந்தக்காரரான இசக்கி அண்ணாச்சிதான் அழைத்து வந்திருந்தார்.

"கால் வலிக்கு வந்த ஆளைக் கைவலிக்கு ஆளாக்குதேன்னு ஏசாதீங்க சார். ஒரே ஒரு கையெழுத்து. பண்பொழிக்காரரு, பேரு சங்கரலிங்கம். மலாய்நாட்டுல ரப்பர் தோட்டத்து ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தவரு. யுத்தத்துக்கு முன்னால லீவுல வந்து மாட்டிக்கிட்டாரு. சம்சாரம் அங்கனயே தவறிப் போச்சு. ஒம்பது வயசுப் பிள்ளை ஒண்ணு அங்கன தனியா கெடக்கு."

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். முறை மட்டும் உள்ளபடியே.)

வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பதினொரு வருஷத்துக்கு முன் வாங்கிக் காலாவதியான பழைய பாஸ்போர்ட், புதுப்பிக்கும் பாரம், புதிதாக எடுத்த படம் மூன்றையும் நீட்டினார். மலாய் சர்க்கார் அப்போது முன்பே அங்கு குடியிருந்தவர்களைத்தான் திரும்ப ஏற்றுக்கொண்டது. புது ஆளுக்கு இடமில்லை. ஆகவே அந்தப் பழைய புத்தகம்தான் பிள்ளையிடம் போகும் வழி.

கேள்விகள் கேட்டேன். தகப்பனார் பெயர், பிறந்த தேதி, கப்பல் ஏறிய நாள், தோட்டத்தின் பெயர். ஒன்றிலும் தடுமாறவில்லை. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. தன் பிறந்த தேதியைத் தயங்காமல் சொல்லும் மனிதனை இந்த ஜில்லாவில் நான் சந்தித்ததில்லை.

பழைய புத்தகத்தில் 'அங்க அடையாளம்: இடது புருவத்துக்கு மேல் வெட்டுத் தழும்பு' என்றிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தழும்பு இருந்தது. ஆனால் பதினொரு வருஷத்துத் தழும்பு வெளுத்து, தோலோடு படிந்திருக்கும். இது இளஞ்சிவப்பாக, பளபளவென்று மேடிட்டிருந்தது. ஐந்து மாதத்துக்கு மேல் சொல்ல முடியாது.

அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

"அன்னைக்கும் நீங்கதான் சார் கையெழுத்து போட்டீங்க" என்றார் மெதுவாக.

பழைய விண்ணப்பத்தோடு போகாமல் மிஞ்சிய படப் பிரதி ஒன்று புத்தகத்துக்குள் செருகியிருந்தது. திருப்பினேன். என் கையெழுத்து. 'இவரை எனக்கு ஐந்து வருஷமாக நேரில் தெரியும்.' அந்த முகத்தை அன்று நான் பார்த்ததே இல்லை. இப்போது எதிரே இருப்பது அதே முகமா, வேறா என்று சொல்லும் யோக்கியதை உலகத்தில் ஒருவனுக்கு உண்டென்றால் அது எனக்குத்தான். எனக்கோ தெரியவில்லை.

"நாளை சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை 9 மணி. யாரிடமும் சொல்லாமல் வில்வண்டி பிடித்தேன். செங்கோட்டை வழியாகப் பண்பொழிக்கு, போகவர மூன்று ரூபாய். செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை, பண்பொழியும் அப்படியே. வழியில் இரண்டு சுங்கச் சௌக்கிகள். நம் பக்கத்துச் சேவகன், "அரிசி இருக்கா?" என்றான். அந்தப் பக்கத்துச் சேவகன், "புகயில உண்டோ சாரே?" என்றான். இருவரும் வைக்கோலைக் குத்திப் பார்த்தார்கள். நீ யார் என்று ஒருவனும் கேட்கவில்லை. ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு நான் பெயரில்லாமல் நுழைந்தேன்.

திருமலைக் குமாரசாமி கோயில் குன்று பாதிக்கு மேல் மேகத்தில் மறைந்திருந்தது. சாரல் விழுந்தபடி இருந்தது. வண்டிக்காரனிடம் சங்கரலிங்கத்தைத் தெரியுமா என்றேன்.

"தம்பிதான் மாசி மாசம் காய்ச்சல்ல போயிட்டான். அண்ணன் தங்கமான மனுசன்."

ஊர் முனையில் வெற்றிலைக் கடைக்காரி. அவளையும் கேட்டேன். வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தம்பிதான் மாசி மாசம் காய்ச்சல்ல போயிட்டான். அண்ணன் தங்கமான மனுசன்" என்றாள். வாய்க்கால் கரையில் எருமை கழுவிக்கொண்டிருந்த பெரியவர் நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார். அதே வாக்கியம், அதே வரிசை.

நிஜமாக நடந்ததை மூன்று பேர் சொன்னால் மூன்று விதமாக இருக்கும். ஒருவன் மாசி என்பான், ஒருவன் பங்குனி என்பான். ஒரே வாயால் பேசும் ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. வண்டி தெருவுக்குள் திரும்பியதும் வாசல்களில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள். கதவுகள் சாத்தப்பட்ட சத்தம் மட்டும் பின்னால் வந்துகொண்டே இருந்தது.

வீட்டில் ஒரு பெண் இருந்தாள். வெள்ளைச் சேலை, நெற்றியும் கழுத்தும் வெறுமை. இறந்த தம்பியின் மனைவி என்று தெரிந்தது. என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றாள். சுவரில் சட்டம் போட்ட படம், அதற்கு மாலை, கீழே எரியும் அகல். படத்திலிருந்த முகம் நேற்று என் எதிரே உட்கார்ந்திருந்த முகம். புருவத்தின் மேல் தழும்பு மட்டும் இல்லை.

"இது யார்?"

"எங்க வீட்டுக்காரரு. கோமதிநாயகம்னு ஊர்ல சொல்லுவாக. மாசி மாசம் காய்ச்சல்ல…"

அந்த நேரம் மழை வலுத்தது. நேற்று என்னிடம் வந்தவன் வயலிலிருந்து தலை குனிந்து ஓடி வந்தான், சொட்டச் சொட்ட. நான் உட்கார்ந்திருந்த மூலை இருட்டு, என்னைக் கவனிக்கவில்லை. வந்தவன் அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தான். அவள் போய், முந்தானையை எடுத்து, அவன் தலையைத் துவட்டினாள்.

கணவனின் அண்ணன் எதிரே வந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்குகிற ஊர் இது. அவள் இரண்டு முறை துவட்டினாள். மூன்றாவது முறை கை அவன் தலைமேலேயே நின்றுவிட்டது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். மாலைக்குள்ளிருந்து மூன்றாவதாக ஒரு முகமும் பார்த்தது.

"சாவை எங்கே பதிந்தாய், கோமதிநாயகம்?" என்றேன்.



"தென்காசியில சார். அண்ணனுக்கு வைத்தியத்துக்குன்னு அங்கன வாடகைக்கு இருந்தோம். அண்ணன் செத்ததும் எழுதப் போனது நான்தான். செத்தது யாருன்னு கேட்டாங்க. கோமதிநாயகம்னேன். சொல்ல வந்தது யாருன்னு கேட்டாங்க. சங்கரலிங்கம்னேன். ரெண்டு கேள்விதான். வெளிய வந்தப்ப நல்ல வெயிலு. என் நெழலு விழுதான்னு ஒருக்கா பாத்துக்கிட்டேன்."

பிறந்தது மகாராஜாவின் புத்தகத்தில், செத்தது சர்க்காரின் புத்தகத்தில். நடுவில் புகையிலை தேடும் ஒரு சௌக்கி. அந்த இரண்டு புத்தகங்களும் ஒரு நாளும் சந்திக்கப் போவதில்லை.

"முட்டாள்தனம்" என்றேன். "சிற்றப்பன் என்ற முறையில் பிள்ளையை அழைத்துவர மனுப் போடலாம். ஒன்றரை வருஷம் ஆகும், ஆனால் வழி உண்டு."

"சித்தப்பந்தான் செத்துட்டானே சார்" என்றான். கேலியாகச் சொல்லவில்லை.

அவள் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "ஒண்ணரை வருசம் அந்தப் பிள்ளை எங்கன இருக்கும்யா?" அவன் பக்கம் திரும்பி, "காயிதத்தைக் காட்டுங்க" என்றாள்.

தோட்டத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர் எழுதிய கடிதம். தாய் இறந்தபின் பிள்ளை தன் வீட்டில் இருப்பதாகவும், தானே இடம் மாறிப் போகப் போவதால் தகப்பன் வருஷக் கடைசிக்குள் நேரில் வராவிட்டால் அநாதை விடுதியில் சேர்ப்பதைத் தவிர வழியில்லை என்றும் எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு வரி: 'யாரோடும் போக மறுக்கிறாள். அப்பாவுக்குக் கண்ணுக்கு மேலே கோடு இருக்கும், அதைத் தடவினால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்கிறாள்.'

நான் அவன் புருவத்தைப் பார்த்தேன். "பாஸ்போர்ட்டுக்காக வெட்டிக்கொண்டாய் என்று நினைத்தேன்."

"பாஸ்போர்ட்டுக்குன்னா மையால வரைஞ்சிருப்பேன் சார். சர்க்கார் தடவியா பாக்கப் போவுது?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திரும்பி வந்த பிறகு?" என்று அவளைக் கேட்டேன். "அப்போதும் இவர் அண்ணன்தான். நீ இப்படியேதான் நிற்க வேண்டும். தெரியுமா?"

"தெரியும்யா. மொதல்ல பொய்யாத்தான் வெளக்கு வச்சேன், விசாரிக்க வாறவுக நம்பணும்லா. இப்ப வைக்காத அன்னைக்கு ஒறக்கம் வரமாட்டேங்கு." படத்தை ஒருமுறை பார்த்தாள். "பிள்ளை வரட்டும். மத்ததைப் பாத்துக்கிடலாம்."

அகலில் எண்ணெய் குறைந்திருந்தது. அவள் போய் ஊற்றினாள். அவன் தன் படத்துக்கு அடியிலிருந்து நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான், யாரோ பெரியவருக்கு விடுவதுபோல.

பேனாவை எடுத்தேன். அவன் நீட்டிய புதுப் படத்தின் முதுகில் 'உண்மையான சாயல்' என்று எழுதினேன், அதில் பொய்யில்லை. 'இவரை எனக்கு நேரில் தெரியும்' என்று எழுதினேன். அதுவும் நிஜம், நான் இப்படி எழுதிக் கொடுத்த மற்றவர்களைவிட அதிகமாகவே தெரியும். பெயரை எழுதும் இடத்தில்தான் கை நின்றது. பிறகு 'சங்கரலிங்கம்' என்று எழுதினேன். என் காலத்தில் பொய்யென்று தெரிந்து போட்ட முதல் கையெழுத்து அது. அதற்கு முன் போட்டவையெல்லாம் தெரியாமல் போட்டவை. ஊருக்குத் திரும்பியதும் ஆனரரி பதவிக்கு ராஜிநாமா எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஐந்தருவிக்கு ஒரு நாள் போனேன், குளிக்கவில்லை. முழங்கால் வலி அப்படியே இருந்தது.

நான்காம் நாள் பிற்பகல் 3 மணி. தென்காசி ஸ்டேஷன். வழியனுப்ப அவன் வந்திருந்தான், ஒரு சீப்பு மட்டி வாழைப்பழத்தோடு. விண்ணப்பம் தபாலில் போய்விட்டது என்றான். அவள் பத்தடி தள்ளி, வேறு யாரையோ வழியனுப்ப வந்தவள்போல, வேலிப் பக்கம் பார்த்து நின்றாள். பிளாட்பாரம் முழுவதும் சாரல். கும்பிட்டுவிட்டு அவன் திரும்பி நடந்தான்.

வண்டி அசைந்தது. எதற்காகச் செய்தேன் என்று இன்றும் தெரியாது. கையெழுத்துக்குப் பிறகும் ஒருமுறை சரிபார்க்கிற பழைய பழக்கமாக இருக்கலாம். ஜன்னல் வழியாக, அவனுக்குக் கேட்கும் அளவுக்கு அழைத்தேன்:

"கோமதிநாயகம்!"

நாலடி தூரம்கூட இல்லை. அவன் நடை தளரவில்லை. தோள் அசையவில்லை. நடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அது நடிப்பில்லை.

வேலியோரம் நின்ற அவள்தான் திரும்பினாள். என்னை அல்ல, ஈரமான அந்தப் பிளாட்பாரத்தை, அழைக்கப்பட்டவன் எங்கிருந்தாவது வருகிறானா என்று, வண்டி வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.