புளி போட்டுத் துலக்கிய தோட்டாக் கூடுகள்

என் கை பட்டுப் பளபளத்த பொருட்கள் இந்த உலகத்தில் மிகக் குறைவு. என் பரீட்சைத் தாள்கள், என் சமையல், நான் எழுதி வெளிவந்த இரண்டு புத்தகங்கள் எதுவும் அந்தக் கணக்கில் வராது. வருபவை இருபது பித்தளைக் கூடுகள். ஒரு பழைய துப்பாக்கியில் சுட்டு முடித்த தோட்டாக்களின் வெறும் கூடுகள். அவற்றைத் துலக்கியபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு ஷார்ஜாவில், ரோலாவில், மூன்றாம் மாடியில் இருந்தது. செய்வது நல்ல காரியம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவ்வளவு உறுதி அதற்குப் பிறகு எனக்கு எதிலும் வாய்த்ததில்லை.

அப்பா கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டுகிற டர்னராக இருந்தவர். இங்கே, பாலைவனத்துக்குள் இருந்த ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பின் ஒர்க்‌ஷாப்பில் வேலை. கிளப் முதலாளியை எல்லோரும் அர்பாப் என்று கூப்பிடுவார்கள். அர்பாபிடம் அவருடைய தகப்பனார் விட்டுப்போன ஒரு நீளத் துப்பாக்கி இருந்தது. அதற்கான தோட்டாவைக் கடையில் வாங்க முடியாது. மிச்சம் இருந்தவை அந்த இருபது கூடுகள்தான். மகன் கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் முன்னால் அதைச் சுட்டுக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. கூடுகளைத் திரும்பப் பயன்படுத்த முடியுமா என்று ஒர்க்‌ஷாப்பில் வந்து கேட்டார். அப்பா முன்னால் போய், இந்தியாவில் நூற்றுக்கணக்கில் செய்திருப்பதாக ஹிந்தியில் சொன்னார். கோயம்புத்தூரில் அவர் தொட்ட ஒரே தோட்டா தீபாவளித் துப்பாக்கியின் பொட்டு வெடி.

அப்பா பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சீசன் முடிந்ததும் ஒர்க்‌ஷாப்பில் ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு. எங்கள் வீசா முடியும் நேரம். அர்பாப் தலையாட்டினால் இன்னும் மூன்று வருஷம். இல்லாவிட்டால் மூன்று பேரும் ஊர் போய்ச் சேர வேண்டியது. அம்மாவுக்கு ஊரில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. சம்பளமில்லாத விடுப்பில் வந்திருந்தாள். ஜூன் மாதம் போய்ச் சேராவிட்டால் வேலை கிடையாது என்று தலைமையாசிரியை எழுதிய கடிதம் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதாக நினைவில்லை. பேச்சு முழுக்க வீசாதான்.

கூடு விஷயம் கேட்க எளிமையானது. சுடும்போது கூடு வீங்கிவிடும். வீங்கியது மறுபடி துப்பாக்கிக்குள் நுழையாது. அதனால் ‘டை’ என்கிற கெட்டி இரும்புக் குழாய்க்குள் அதை அழுத்தி ஏற்றி, பழைய அளவுக்குச் சுருக்கி எடுக்க வேண்டும். இந்தத் துப்பாக்கியின் கூடு கழுத்து சுருங்காமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நேராகப் போகிற வகை. டைக்குள் போனால் உடம்பு முழுக்க உரசும். எண்ணெய் தடவாமல் ஏற்றினால் பித்தளை இரும்பைக் கவ்விக்கொள்ளும். இதெல்லாம் டையோடு வந்த ஆங்கிலக் காகிதத்தில் இருந்தது. அதை அப்பாவுக்குப் படித்துச் சொன்னவள் நான். நூற்றுக்கணக்கில் செய்தவர் காகிதத்தைப் பார்த்துச் செய்தால் ஒர்க்‌ஷாப்பில் சிரிப்பார்கள் என்று டையையும், கூட்டை அதற்குள் அழுத்துகிற கை பிரஸ்ஸையும், வெறும் கூடுகளையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். மருந்து அடைக்கிற வேலை மட்டும் கிளப்பில், அதற்கு உரிமம் வைத்திருந்த ஒரு பாகிஸ்தானிப் பட்டாணிக்காரருடையது.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பாட்டு மேசை ஓரத்தில் பிரஸ்ஸை முடுக்கினார். இருபது கூடுகளுக்கும் எண்ணெய் தடவி, செய்தித்தாளில் வரிசையாக நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனார். அம்மா துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள். போகிறபோது, வெள்ளிக்கிழமை விளக்கைத் துலக்கி வைக்கும்படி என்னிடம் புளியும் தேங்காய் நாரும் தந்துவிட்டுப் போனாள்.

குத்துவிளக்கை முடித்துத் திரும்பினால், மேசைமேல் இருபது பித்தளைச் சாமான்கள் எண்ணெய்ப் பிசுக்கோடு நிற்கின்றன. வளர்த்த விதம் அப்படி. பித்தளையில் பிசுக்கு என்றால் புளி. எல்லாவற்றையும் துலக்கி, கழுவி, துடைத்து, அதே வரிசையில் நிறுத்தினேன்.

குளித்து வந்த அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் அவை மின்னுவதைப் பார்த்து, எண்ணெய் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். முதல் கூட்டை மாட்டிக் கைப்பிடியை இழுத்தார். பாதி வரை போனது. பல்லைக் கடித்து மீதியையும் ஏற்றினார். பிறகு அது இறங்கவில்லை. மூன்றாவது முறை பலங்கொண்ட மட்டும் இழுத்ததில் கூட்டின் அடி விளிம்பு கிழிந்து, பிரஸ் மட்டும் கீழே வந்தது. கூடு டைக்குள் செருகினபடி நின்றது. இருந்தது ஒரே டை. அது அடைபட்டால் மீதிப் பத்தொன்பதும் வீங்கினபடியே கிடக்க வேண்டியதுதான்.

அப்பா டையைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏம்புள்ள, புளி வாசம் அடிக்குது."

"ரசம் வச்சிருக்கறனுங்க," என்றாள், மாடியிலிருந்து திரும்பிச் சமையலறையில் இருந்த அம்மா.

"ரசமில்ல. இதுல அடிக்குது."

அம்மா டம்ளரைத் துடைத்துக்கொண்டே வந்து மேசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கண்ணு, வெளக்கத் தவுத்து வேற எதாச்சும் துலக்குனயா?"

"எல்லாத்தையும் துலக்கிட்டேன்மா," என்றேன், பாராட்டுக்குத் தயாராக.

அப்பா அடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது அடியைவிட மோசமாக இருந்தது.

"முடிஞ்சுது. நாளைக்கு அர்பாப் மூஞ்சில எப்படி முழிக்கறது? பொட்டியக் கட்டு புள்ள, ஊருக்குப் போலாம்."

நான் அழ ஆரம்பித்தேன். அம்மா கையிலிருந்த டம்ளரைத் துடைத்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்ட டம்ளர். அதையே வெகுநேரம் துடைத்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, அதை மேசைமேல் வைத்தாள்.

"ஏனுங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணு டம்ளர் மாட்டிக்கிச்சுன்னா எப்படி எடுப்போம்?"

"அதுக்கென்ன இப்ப?"

"உள்ள இருக்கறதுல ஐஸ் தண்ணி ஊத்தி, வெளிய இருக்கறதச் சுடுதண்ணில வெப்பமில்லீங்களா? உள்ளது சுருங்கும், வெளியது விரியும்."

"இது துப்பாக்கிச் சாமான், புள்ள."

"உருண்டையா இருக்குதுங்களா? ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்குதுங்களா? அப்ப டம்ளர்தான்."

பம்புசெட் கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்தவர் எழுந்து போய் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டை எடுத்து வந்தார். கூட்டின் அடியில் பொட்டு மருந்து வைக்கிற ஓட்டையைச் சப்பாத்தி மாவால் அடைத்தோம். டையின் மேல்வாய் வழியாக, நொறுக்கிய ஐஸையும் கல்லுப்பையும் அம்மா கூட்டுக்குள் திணித்தாள். பிறகு டையை, மேல்வாய் மூழ்காமல், இட்லிப் பானையில் கொதிக்கிற தண்ணீரில் நிறுத்தினாள். நான் ஐம்பது வரை எண்ணினேன். அப்பா துணியால் பிடித்துப் பானைக்கு மேலே தூக்கி, மேலிருந்து ஒரு நீளப் போல்ட்டை விட்டு, இஞ்சி இடிக்கிற உலக்கையால் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டில் கூடு இட்லிப் பானைக்குள் விழுந்து சத்தம் போட்டது. அதைவிட இனிய சத்தத்தை எந்தக் கச்சேரியிலும் நான் கேட்டதில்லை, சபாக்களில் எனக்கு முன்வரிசை கிடைத்த நாட்கள் உட்பட.

அம்மா விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். எனக்குத் தண்டனையாக ஒரு கரண்டி என்று நினைத்து வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அது கூடுகளுக்கு. நான் தடவ, அப்பா இழுக்க, பத்தொன்பதும் சாதுவாக ஏறிச் சாதுவாக இறங்கின. கடைசிக் கூட்டுக்குக் கைப்பிடியை என்னிடம் தந்தார். இரண்டு கையாலும் தொங்கித்தான் இழுத்தேன். துடைத்து வைத்தபோது எல்லாம் கல்யாணத்துக்குக் கிளம்பினது போல் இருந்தன.

வெள்ளிக்கிழமை அர்பாப் எங்களைக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். பட்டாணிக்காரர் நிரப்பித் தந்த தோட்டாக்கள் தட்டில் வந்தன. அர்பாப் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தார்.

"மாஷா அல்லா. என் தகப்பனார் காலத்தில்கூட இவை இப்படி மின்னியதில்லை," என்றார் ஹிந்தியில். "யார் துலக்கியது?"

அப்பா என்னை முன்னால் தள்ளினார். "மேரி பேட்டி, அர்பாப்."

"இருபதல்லவா இருந்தது?"

"ஒன்று டெஸ்டுக்கு, அர்பாப்," என்றார் அப்பா, கண் இமைக்காமல்.

பத்தொன்பதும் தடையின்றி உள்ளே போயின, பத்தொன்பதும் வெடித்தன. ஒவ்வொரு வெடிக்கும் கிழவர்கள் கைத்தடியைத் தூக்கி ஆரவாரம் செய்தார்கள். புகைக்குள் நின்று அர்பாப் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். கடைசியில் துப்பாக்கியை இறக்கிவிட்டு அப்பாவின் தோளில் கைபோட்டு, ஃபோர்மேனைக் கூப்பிட்டார். "இவனுக்கு வீசா. தீன் ஸால். கலாஸ்," என்றார். மூன்று வருஷம், பேச்சு முடிந்தது. எனக்கு ஒரு டப்பா நிறையப் பேரீச்சம்பழம் கிடைத்தது. அடுத்த வாரம் கிளப்பின் மற்றக் கூடுகளையும் அந்த இந்தியன் டெக்னிக்கில் துலக்கித் தர வேண்டும் என்று உத்தரவும் கிடைத்தது.

திரும்பி வரும்போது பிக்கப்பில் மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். அப்பா கூட்டைத் தான் வெளியே எடுத்த கதையை டிரைவரிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறையில் டம்ளரே வரவில்லை. நான் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தேன். உலகத்தில் எங்களைவிடக் கெட்டிக்காரக் குடும்பம் கிடையாது என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அம்மா ஜன்னல் பக்கம். திரும்பாமலே கேட்டாள்.

"அப்ப இன்னும் மூணு வருசமுங்களா?"

"மூணு முழுசா," என்றார் அப்பா.

"மூணு வருசம்," என்றாள் அம்மா மறுபடி, மெதுவாக, ஊரில் இருக்கிற யாரிடமோ விடுப்பு கேட்பது போல.

எனக்குக் கணக்கு நன்றாக வரும். அப்பா சுருக்கமாகச் சொல்லிவிட்டதால் அவளுக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, விரல் விட்டுப் பெருக்கி, "ஆயிரத்துத் தொண்ணூத்தஞ்சு நாள்மா," என்றேன்.

அம்மா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி," என்றாள். அப்புறம் வெளியே பார்த்துக்கொண்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரோலா வந்து சேரும்வரை அந்த நாட்களை மணிகளாக மாற்றிக்கொண்டே வந்தேன், அதையும் கேட்பாள் என்று.