கோப்பைக்கு முகமில்லை

தட்டான் பொன்னை உரைத்துப் பார்க்கிறான். நான் கசநோய் ஆஸ்பத்திரியில் அடுத்தவன் துப்பியதைக் கண்ணாடித் துண்டில் பூசிப் பார்க்கிறேன். இரண்டும் உத்தியோகம்தான். இதைவிடக் கேடுகெட்ட வேலை பார்ப்பவர் உங்களில் இருந்தால் பக்கத்தில் வந்து இருங்கள், சேர்ந்து அழலாம்.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் எனக்குப் பெண் பேசினார்கள். அரசாங்க உத்தியோகம் என்றதும் பெண்ணின் தகப்பனார் புதுப்பாய் விரித்தார். பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. என்ன வேலை என்று கேட்டார். சளிக்குச் சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் கசக்கிருமி தேடுவது என்று நானும் விளக்கமாகச் சொல்லித் தொலைத்தேன். பெண்ணை அவர் வெளியே கூப்பிடவேயில்லை. நான் படி இறங்குமுன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது: "உந்தக் கோப்பையைக் கழுவவேண்டாம், வேலிக்கு அங்காலை எறிஞ்சுவிடு."

கண்ணாடிக்குத் தெரியாதது

கசத்துக்கு மருந்தென்று ஒன்றை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. படுக்கை, பால், முட்டை. சிலருக்கு நெஞ்சுக்குள் காற்றடித்து நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பார்கள். அதெல்லாம் பலித்ததா என்று சொல்வது என் வேலை. பெயர் ஒட்டிய கோப்பை நோயாளிகள் படுத்திருக்கும் வாட்டிலிருந்து வரும். ஆளை நான் பார்ப்பதில்லை. தொடர்ந்து கிருமி இல்லையென்றால் வீடு, இருந்தால் கட்டில்.

கொழும்புத்துறைச் சூசையின் கோப்பையில் எப்போதும் கிருமிதான். ஒருநாள் யாரோ யன்னலுக்கு வெளியே நின்று கத்தினான். பெயரைக் கேட்டபிறகுதான் அவன்தான் சூசை என்று தெரிந்தது. "நான் கடலுக்குப் போகாட்டில் என்ரை பிள்ளையள் என்னத்தைத் தின்னுறது? உங்கடை கண்ணாடியிலை அது தெரியேல்லையோ?"

காற்றடித்த பலன்

சில மாதத்தில் சூசையின் கோப்பை சுத்தமாகிவிட்டது. அடுத்த கட்டில் தென்மராட்சிக் கந்தையருடையது. சுகமாகி வீடு போக இருந்த மனிதர், அவர் கோப்பையிலோ இப்போது கிருமி மொய்த்துக் கிடந்தது. டாக்டர் ஐயா சூசையை வீட்டுக்கு அனுப்பினார், கந்தையரைக் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றார். அன்று முழுக்க டாக்டருக்கு வாயெல்லாம் பல். "காத்தடிச்சது சூசைக்கு நல்லாப் பிடிச்சிட்டுது, பாத்தீரோ?"

கந்தையர் சொன்னது

சூசை போன மறுகிழமை கந்தையரின் கோப்பையில் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு கிருமியும் இல்லை. முதல் தடவையாக வாட்டுக்குப் போனேன். அவர் எதையும் ஒளிக்கவில்லை. இரண்டு பேரும் கோப்பையை மாற்றித் துப்பியிருக்கிறார்கள். கந்தையர் குடியிருந்த கொட்டிலை அவருடைய தம்பிமார் நோய் தொற்றும் என்று கொளுத்திவிட்டார்களாம். கோபம் கோபமாக வந்தது, யார்மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை. அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்: "அவனுக்குப் போக வீடு இருந்தது. எனக்கு இந்தக் கட்டிலை விட்டால் என்ன இருக்கு? கோப்பையைத்தான் மாத்தினனாங்கள் தம்பி, ஆரின்ரை சாமானையும் களவெடுக்கேல்லை."

ஒரே கோப்பை

சூசையைத் திரும்பி வரச்சொல்லி ஆளனுப்பினோம். கடலுக்குப் போய்விட்டான் என்றார்கள். மறுபடி அனுப்பினோம், வரவில்லை. மாரி முடியுமுன் செத்துப்போனான் என்ற செய்திதான் வந்தது.

பிறகு அவன் மனைவி மரியம்மா சின்னமகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இருவருக்கும் இருமல். தாயின் கோப்பையை நான்தான் பார்த்தேன், மொய்த்துக் கிடந்தது. கண்ணாடி பொய்யென்று அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அவருக்குக் கிருமி இல்லையெண்டு நீங்கள் சொன்னபடியால்தான் ஐயா, நாங்கள் எல்லாரும் ஒரே கோப்பையிலை குடிச்சனாங்கள்."

இப்போது நோயாளி என் முன்னால் நின்றே துப்பவேண்டும் என்று உத்தரவு, ஆகவே கோப்பையோடு முகத்தையும் பார்க்கிறேன். இத்தனை வருஷ உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு அது ஒன்றுதான்.