கூடை பின்னிய கை

கம்பெனியில் பேக்கிங் வேலையை விட்டபோது வீட்டுக்காரரிடம் ஒரு சபதம் போட்டேன்: பஸ்ஸுக்கு, பூவுக்கு, புடவைக்கு என்று உங்கள் முன்னால் கை நீட்ட மாட்டேன். நாள் முழுக்க நின்று முழங்கால் வீங்கியிருந்தது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. "செரி புள்ள, பாக்கலாம்" என்றார் அவர். அந்தப் 'பாக்கலாம்' இருக்கிறதே, அதற்காகவே ஜெயித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது.

ஒயர் கூடை பின்னுவது என்று முடிவெடுத்தேன். கைபேசியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே பத்து நிமிடத்தில் ஒரு கூடையை முடித்துவிடுகிறாள். நாலு கட்டு ஒயரும் ஒரு கத்தரிக்கோலும் போதுமாம். அடடா, இவ்வளவுதானா என்று பாலக்காட்டுப் பக்கம் எங்கள் எலப்புள்ளியிலிருந்து ஒயர் வாங்கக் கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன். முதல் கூடைக்கு ஒயரை ஒரு சாண் குறைத்து வெட்டிவிட்டேன். அது ரெண்டு தக்காளி உயரத்துக்கு மேல் வளரவேயில்லை. இப்போது அதில் துணி சோப்பு இருக்கிறது.

நாலாவது கூடை கூடை மாதிரியே வந்தது. எதிர்வீட்டுப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, கடையில வாங்குனதாட்டவே இருக்குது! எனக்கொண்ணு போட்டுக் குடுங்க" என்றாள். காசும் கொடுத்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது, அந்தக் கூடையை அவள் கையில் கொடுக்கும் நிமிடம் வரை. வெறுங்கூடையை எப்படிக் கொடுப்பது? காலிப் பாத்திரத்தைக்கூட வெறுமனே திருப்பிக் கொடுக்காத குடும்பம் எங்களுடையது. ஒரு தேங்காய், ரெண்டு பழம், வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தேன்.

கடைக்காரன் யாராவது இப்படிச் செய்வானா? மாட்டான். அதனால்தான் அவன் கடைக்காரன்.

அடுத்து வந்தவள் விலை கேட்பதற்கு முன்பே, "அவுங்களுக்குத் தேங்கா வெச்சுக் குடுத்தீங்களாமா?" என்று கேட்டாள். அப்புறம் எங்கே நிறுத்துவது? பெரிய கூடை கேட்டால் ஒரு தேங்காய் போதாது, மூலையில் கிடந்து உருளும். வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது கூடை யாவாரமா, தேங்கா யாவாரமா புள்ள?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, ஏனென்றால் எனக்கும் தெரியவில்லை. எல்லாம் போகக் கையில் நின்ற லாபம் பஸ் சார்ஜுக்குச் சரியாக இருந்தது. அதுவும் ஒயர் வாங்கப் போகிற பஸ்ஸுக்கு.

இருந்தாலும் ஒரு வருஷம் அவரிடம் நான் கை நீட்டவில்லை. அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கட்டிக்கொள்ளப் புதுப் புடவை இல்லாவிட்டால் என்ன, திமிரோடு நடந்தேன்.

அப்புறம்தான் ரேஷன் கடை. எங்கள் கார்டில் குடும்பத் தலைவி நான். கேரளத்தில் பெண்கள் பேரில்தான் கார்டு. மெஷினில் பெருவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்து வைத்தேன். மறுபடியும் சிவப்பு. முடிச்சுக்கு முடிச்சு ஒயரை இழுத்து இறுக்கியதில் விரல்நுனியெல்லாம் வழவழவென்று ஆகியிருந்தது. "சேச்சிக்கு ரேகையே இல்லல்லோ" என்றார் கடைக்காரர். வேறு வழி ஓடிபி. அது ஆதாரில் உள்ள போன் நம்பருக்குப் போகும். ஆதாரில் இருப்பது வீட்டுக்காரர் நம்பர்.

அவர் லோடு ஆட்டோவோடு வாளையாரில் இருந்தார். போன் போட்டேன். "ஏனுங்க, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

"அதெ யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குதே புள்ள!"

"நான்தானுங்க கேக்கறேன். ரேஷன் கடையில நிக்கறேன். சொல்லுங்க."

"எதுக்கு? யாரு கேக்கச் சொன்னா?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். குடும்பத் தலைவியான நான் மூன்று தரம் கெஞ்சினேன். நாலாவது தரம் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார், ஏதோ தன் நிலத்தை எழுதிக் கொடுப்பது மாதிரி. அரிசி கிடைத்தது. அவமானம் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஆதார் மையத்துக்குப் போனேன். அவர் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட வேண்டும், அவ்வளவுதான். "அதுக்கெந்தா சேச்சி, இப்ப மாத்தித் தராம்" என்று அங்கிருந்த பெண் என் நம்பரை அடித்துக்கொண்டாள். பிறகு ஒரு மெஷினை என் பக்கம் நகர்த்தினாள். "விரல் வெச்சா மதி." விரல் வைத்தால் போதுமாம்.

வைத்தேன். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன். பத்தும் சிவப்பு; இனி மாசாமாசம் அரிசிக்கு அவர் நம்பர்தான். வெளியே வந்து அவருக்குத்தான் போன் போட்டேன்.