புளியமரம் இல்லாத படம்

புதுச்சத்திரம் தாண்டிய சாலையோர டீக்கடை. காலை 7.10. மேசையில் என் இரண்டு கேமராக்கள். ஒன்றை இன்று சேலத்தில் கைமாற்றிவிட வேண்டும். எதை என்று முடிவாகவில்லை. இரண்டுக்கும் ஒரே லென்ஸ்தான்; உள்ளே படம் பதியும் சென்சார்தான் ஒன்றில் சின்னது, மற்றதில் பெரியது. சின்ன சென்சாரில் பறவை மட்டும் நெருக்கமாக வரும். பெரியதில் சுற்றியிருப்பதும் சேர்ந்து வரும். பறவைப் படத்துக்குச் சின்னதே போதும் என்பது என் நெடுநாள் கொள்கை.

பத்து வருடம் முன்பு இங்கே புளியமரப் பொந்தில் சின்ன சென்சார் கேமராவால் எடுத்த ஆந்தைப் படத்தைக் கடைக்கார அம்மாவிடம் போனில் காட்டுகிறேன். அந்த மரம் சாலை விரிவாக்கத்தில் போய்விட்டது.

"எங்க ஊட்டுக்காரரு அப்ப அந்த மரத்தடியிலதானுங்க டீ ஆத்துவாரு. இதுல இருக்கறாரானு பாருங்க."

அவர் இறந்து நாலு வருடமாம். அம்மா படத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். ஆந்தையும் பொந்தின் விளிம்பும்தான் இருக்கின்றன.

"ஆந்தை மட்டும் நல்லா முழிக்குதுங்க" என்று சிரிக்கிறார்.

அன்று குடித்த டீயின் இஞ்சிக் காரம் எனக்கு நினைவிருக்கிறது. கொடுத்தவர் முகம் நினைவில் இல்லை.

கடைக்கு மேலே கம்பியில் ஒரு பனங்காடை வந்து உட்கார்கிறது. பெரிய சென்சார் கேமராவோடு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நிற்கிறேன். பறவை சிறிதாகத் தெரிகிறது. அதன் கீழே அடுப்பு, ஆவி, அந்த அம்மா.

"என்னைய எதுக்குங்க? குருவியப் புடிங்க!"

"குருவியைத்தானுங்க புடிக்கிறேன்."