எங்கள் டீம் தேறுமா?

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆனால் கல்லூரிக்கு எதிரே இருந்த பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னுமாக ஒரு பஞ்சாயத்து கூடும். வழக்கு எப்போதும் ஒன்றுதான். எங்கள் கால்பந்து டீம் தேறுமா, தேறாதா?

"போன மேட்ச்ல ஆறு கோலு வாங்கினோம், இப்ப நாலுதானுங்களே! இது முன்னேற்றம் இல்லீங்களா?" என்பான் என் அறைத்தோழன்.

"நாலு வாங்குனது ஒரு பெருமையா? வாயில நல்லா வந்துரும். பேசாம டீயக் குடி" என்பேன் நான். எனக்கு அப்போதே மூக்குக்கு மேல் கோபம்.

அந்தக் கோபத்துக்கெல்லாம் காரணம் கோலுக்கு முன்னால் காவல் நிற்கும் எங்கள் ஸ்டாப்பர் பேக். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்துக்காரர் வீட்டுப் பையன், நல்ல வாட்டசாட்டம். அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது லேசில்லை. ஆனால் அவன்மேல் மோதி எவனாவது விழுந்துவிட்டால் போச்சு. ஆட்டத்தை மறந்து, குனிந்து, "அடி பட்டுருச்சுங்களா?" என்று கை கொடுத்துத் தூக்குவான். அதற்குள் பந்து எங்கள் வலைக்குள் போயிருக்கும். வீட்டுக்கு வந்த சம்பந்தியையா உபசரிக்கிறாய் என்று கோட்டுக்கு வெளியே நின்று நான் கத்தாத ஆட்டமில்லை.

கடைசி வருஷம் பி.டி. மாஸ்டர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் இந்த முறையும் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் டீமைக் கலைத்துவிடுவார்களாம். அன்று பேக்கரியில் அந்த ஸ்டாப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் போனாலும் டீமு இருக்கோணுமுங்க."

"அப்ப அன்னைக்கு ஒரு நாளைக்கு எவனையும் தூக்காதே" என்றேன்.

"சரிங்க, தூக்கலீங்க" என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

ஆட்டத்தன்று செய்தும் காட்டினான். விழுந்தவர்களைப் பார்க்காமல் தாண்டிப் போனான், முகம் மட்டும் பாகற்காய் தின்ற மாதிரி இருந்தது. அடேயப்பா, எங்கள் வலைக்குள் ஒரு பந்துகூடப் போகவில்லை! "பாத்தீங்களா, தேறிட்டோம்!" என்று தோழன் என் முதுகில் குத்தினான். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடியப்போகிற நேரம். எதிரணிக்காரன் ஒருவன் எங்கள் ஸ்டாப்பர்மேல் மோதிக் கீழே விழுந்தான். பந்து இவன் காலில். அவர்கள் அத்தனை பேரும் எங்கள் பக்கம் ஏறி வந்திருந்ததால் முன்னால் ஆளே இல்லை. ஓடினான். ஐயோ, அந்த ஓட்டம்! மறிக்க வந்த கோல்கீப்பரும் சறுக்கி விழுந்துவிட்டான். காலியான கோல். "அடி! அடி!" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே போய்விட்டது.

அவன் திரும்பிப் பார்த்தான். தன்மேல் மோதி விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. பந்தின்மேல் காலை வைத்து நிறுத்தினான். பிறகு அதைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடினான்.

என் வாய்க்கு வந்த வசவு வாயிலேயே நின்றுவிட்டது. உடம்பெல்லாம் புல்லரித்தது. இன்றைக்கு நினைத்தாலும் புல்லரிக்கிறது. மூன்று வருஷம் ஏங்கியது கைக்கு வந்த பிறகு, அதை இப்படிக்கூட ஒருவனால் விட முடியுமா?

விழுந்தவனுக்கு ஒன்றுமில்லை, மூச்சடைப்புதான். இவன் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்ததும் எழுந்துவிட்டான். ஆட்டம் மறுபடி தொடங்கியது. அவர்கள் நீளமாக உதைத்த பந்து அதே பையனிடம் போய்ச் சேர்ந்தது, அவனே கோலும் அடித்தான். விசில் ஊதிவிட்டார்கள். டீம் அத்தோடு முடிந்தது.

எங்கள் ஆள் நேராக அந்தப் பையனிடம் போனான். "இப்ப மூச்சு உடறதுக்குத் தேவலீங்களா?" என்று கேட்டான்.

சாயங்காலம் பேக்கரி வாசலில் தயங்கி நின்றான். "மன்னிச்சுக்குங்க. சத்தியம் பண்ணிப்போட்டேன்னுதான் ஓடுனேன். அவரு எந்திரிக்கவே இல்லீங்க." கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

பின்னால் எவனோ முணுமுணுத்தான். "இந்த டீமு தேறவே தேறாதுங்க."

"டேய்" என்றேன். "இதுக்கு மேல எங்கடா தேறுறது?"