ஜெப ஷீலாவின் சாட்சி

எம்.ரெட்டியபட்டிக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதல் ஜெப ஷீலாவுக்குச் சாயங்காலம் என்றால் வீட்டுக்குள்தான். ஆறு மணிக்கு மேல் வாத்தியார் பெண்டாட்டி தெருவில் நின்று பேசக் கூடாது. தெருக்கோடியில் டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துக் கொலைப்படம் போட்டால் ஊரே போய் உட்காரும். இவள் ஜன்னலோரம் நின்று அலறல் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். எல்லாம் புருஷன் செல்வதுரை வாத்தியார் போட்ட சட்டம். மனுஷன் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அதனால் அவரைப் பற்றிக் குறை சொன்னால் காது கொடுக்கவும் ஆளில்லை.

மூச்சு விட அவளுக்கு இருந்த ஒரே வழி துப்பறியும் நாவல். அருப்புக்கோட்டை மில்லுக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி மாதாமாதம் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி வந்து கொடுப்பாள். வாத்தியார் டியூஷன் முடித்து வரும்வரை அடுப்படியில் உட்கார்ந்து ஷீலா கொலைகாரனைத் துரத்துவாள். அந்த ஒரு மணி நேரம் அவள் அந்த வீட்டிலேயே இல்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம் ஒருநாள் சோறு அடிப்பிடித்தது. சீக்கிரம் வந்துவிட்ட வாத்தியார் புத்தகத்தைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். இன்னும் பத்துப் பக்கம்தான் பாக்கி. அதோடு விட்டாரா?

"வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துல எந்திரிச்சு சாட்சி சொல்லு. இனிமே கதைப் புஸ்தகத்தத் தொட மாட்டேன்னு கர்த்தருக்கு முன்னால சொல்லணும்."

வெள்ளிக்கிழமை கூடத்தில் பாய் விரித்து இருபது பேர். பாட்டு முடிந்ததும் ஷீலா முக்காடு போட்டுக்கொண்டு எழுந்தாள். பாவத்தைச் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டாமா? உள்ளே தாழிட்ட பங்களா, செத்துக் கிடந்த ஜமீன்தார், அவர் வாய்க்குள் இருந்த சாவி என்று ஒன்று விடாமல் சொன்னாள். பெண்கள் விசிறியை நிறுத்திவிட்டார்கள்.

"அப்புறம் என்னாச்சுக்கா?" என்று ஒருத்தி வாய்விட்டே கேட்டாள்.

"தெரியலத்தா. அதுக்குள்ள இவுக எரிச்சுட்டாக."

பிறகு, இனித் தொடுவதில்லை என்று கர்த்தருக்கு வாக்குக் கொடுத்து உட்கார்ந்தாள். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். வாத்தியாருடையது கொஞ்சம் பிந்தி வந்தது.

மறுநாள் கனகலட்சுமி சுவரோரம் வந்து, "வேற ஒண்ணு வாங்கியாரேன். அண்ணனுக்கு எங்க தெரியப்போகுது?" என்றாள்.

"அவுகளுக்குத் தெரியாது. கர்த்தருக்குத் தெரியுமேடி."

ஷீலா நிஜமாகவே பயப்பட்டாள். சொன்ன வாக்கை மீறுகிற துணிச்சல் அவளுக்குக் கிடையாது.

வாத்தியாருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் டவுனுக்குப் போய் அதே நாவலை வாங்கி வந்து, சாய்வு நாற்காலியில் பகிரங்கமாக உட்கார்ந்து படித்தார். காபி கொண்டுபோன ஷீலா டம்ளரை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஏங்க, கொன்னது யாரு? அத மட்டும் சொல்லுங்க."

"வாக்குக் குடுத்துட்டுக் கேக்கலாமா நீ?"

"அப்ப நீங்க படிக்கிறீகளே?"

வாத்தியார் கண்ணை எடுக்காமல் பக்கத்தைத் திருப்பினார்.

"சாட்சி சொன்னது நீதான? நான் இல்லையே."