மதுஷனுக்கு எடுத்து வைத்த சோறு

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பிலோமினா கடற்கரை மீன்வாடிக்குப் போகத் தொடங்கியது ஆடி மாதத்தில். கல்முனையில் அவளைத் தெரிந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. தமிழில் பூசை நடக்கிற கோயில் கூப்பிடு தூரத்தில் இருக்க, சிங்களத்தில் ஒரு சொல்லும் விளங்காதவள் மாரவிலப் பக்கத்து மீன்பிடிகாரரோடு மணலில் போய் முழந்தாளிடுகிறாளே என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய போட்டில் போய்த்தானே அவளுடைய மகன் வராமல் போனான்?

மாரவிலக்காரர் ஒவ்வொரு வருடமும் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்க மேற்குக் கரையிலிருந்து வருவார்கள். கரையில் தென்னங்கிடுகால் வாடிக் கொட்டில் அடித்துத் தங்கித் தொழில் செய்வார்கள். கிழக்குக் கடல் மூர்க்கம் கொள்ள முன்னர் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். பிலோமினாவுக்கு அவர்களிடம் மீன் வெட்டிக் கருவாடு போடுகிற வேலை. அவளோடு பலகைக்குப் பக்கத்தில் பலகை போட்டு இருந்தவள் மருதமுனை மைமூனா. மைமூனா குமராக இருந்த காலத்தில் அம்பாறையில் ஒரு புடவைக் கடையில் நின்றவள். சிங்களம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. வாடி முதலாளி கிங்ஸ்லி என்ன சொன்னாலும் அது மைமூனாவின் வாய்வழியாகத்தான் பிலோமினாவுக்கு வந்து சேரும். படிப்பை விட்டுவிட்டுச் சும்மா திரிந்த மகன் மதுஷனைப் போட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்டதும் அப்படித்தான். கேட்கச் சொன்னவள் பிலோமினா.

ஆனியில் ஒரு விடியற்காலை போட் அவன் இல்லாமல் வந்தது. வலை இழுக்கும்போது கடலில் விழுந்தான் என்றார்கள். கடற்படையும் தேடியது, மருதமுனைப் போட்டுகளும் தேடின. ஒன்றும் கரை சேரவில்லை.

உடம்பு கிடைக்காதவனைச் செத்தவன் என்று சொல்லப் பிலோமினா ஒருவரையும் விடவில்லை. கப்பல்காரர் தூக்கியெடுத்து வேறு தேசத்தில் இறக்கியவர்களின் கதைகளை அவள் சேர்த்து வைத்திருந்தாள். அவன் கடலுக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டுப் பெட்டிகள் இரண்டு. ஒன்று அவனோடு போய்விட்டது. மற்றதில் ஒவ்வொரு நாளும் பின்னேரம் சோறும் கறியும் போட்டு மூடி, அடுப்படித் தட்டில் வைப்பாள். விடிந்தால் அது கோழிகளுக்குப் போகும்.

செத்த வீட்டார் பூசை கொடுக்கிற முப்பத்தோராம் நாள் வந்தபோது, பூசை ஒன்று ஒப்புக்கொடுப்போமா என்று சுவாமியார் தணிந்த குரலில் கேட்டார். வேண்டாம் என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு, இறந்தவர்களுக்கான மன்றாட்டில் அவனுடைய பெயரும் வந்தது. அயலில் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்திருக்க வேண்டும். நித்திய இளைப்பாற்றி என்று கோயில் முழுவதும் ஒரே குரலில் சொன்னபோது பிலோமினா எழும்பி வெளியே வந்தாள். பிறகு போகவில்லை.

வாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு அந்தோனியார் இருந்தார். ஞாயிறு பின்னேரம் வாடிக்காரர் அவருக்கு முன்னால் செபமாலை சொல்வார்கள். முதல் நாள் பிலோமினா தூரத்தில்தான் நின்றாள். கிங்ஸ்லி தன்னுடைய சாக்கை அவளுக்கு விரித்துவிட்டு வெறும் மணலில் முழந்தாளிட்டான். சொல் விளங்காவிட்டாலும் செபமாலை விளங்கியது. எது அருள்நிறைந்த மரியே, எது திரித்துவப் புகழ் என்று ஓசையிலேயே தெரிந்தது. அவர்கள் முன்பாதியைச் சிங்களத்தில் சொல்ல, அவள் பின்பாதியைத் தமிழில் சொன்னாள். ஒருவரும் அவளை ஏதும் கேட்கவில்லை. கேட்டாலும் விளங்கியிருக்காது. அதுதான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

முடிவில் அவள் அறியாத நீண்ட செபம் ஒன்று வரும். அதற்குள் மதுஷன் என்ற பெயர் கேட்கும். கிங்ஸ்லியின் குரல் அந்த இடத்தில் உடையும். தன் மகனைத் திருப்பித் தரும்படி அந்நியர் இப்படி உருகிக் கேட்கிறார்களே என்று பிலோமினா கண்ணை மூடி, எல்லாரையும்விட உரக்க ஆமென் சொல்வாள்.

புரட்டாதி பிறந்ததும் கிங்ஸ்லி அவளிடம் வந்து, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், வருகிற ஞாயிறு சாப்பாடு என்று காட்டினான். ஊருக்குப் போகுமுன் விருந்து வைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். சமைக்கத் தானும் வருகிறேன் என்று நெஞ்சில் கைவைத்துக் காட்டினாள். அவன் அவளுடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

அந்த ஞாயிறு காலையிலேயே போய் அடுப்பு மூட்டினாள். மாரவிலவிலிருந்து கிங்ஸ்லியின் மனைவியும் சொந்தக்காரரும் வந்திருந்தார்கள். எல்லாரும் வெள்ளை உடுப்பு. பூசைக்குப் போய்வந்த உடுப்பு என்று நினைத்தாள். தேங்காய் துருவ மைமூனாவைக் கூப்பிட்டிருந்தாள்.

"பண்டியிறைச்சி கிண்டி இல்லையே அக்கா? இருந்தா இப்பவே சொல்லுங்க, நான் இப்படியே திரும்பிப் போறன்."

"மீன்தான் புள்ள. நீ வெட்டின மீன்தான். இரி."

மதுஷனுக்குப் பிடித்தமாதிரி, சூரை மீனைக் கொறுக்காய்ப்புளி போட்டுக் காய்ச்சினாள். சோறு இறக்கியதும், வழக்கம்போல முதல் அகப்பையை, கையோடு கொண்டுவந்திருந்த அவனுடைய பெட்டியில் போட்டு மூடி, துணியால் கட்டி ஒரு பக்கத்தில் வைத்தாள். துருவிக்கொண்டே வாடிப் பெண்களோடு சிங்களத்தில் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்த மைமூனாவின் குரல் இடையில் நின்றதைப் பிலோமினா கவனித்தாள். தேங்காய்ப் பாதி கையிலேயே இருந்தது.

"அக்கா, இது என்ன சாப்பாடெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"போகப் போறாங்கதானே."

மைமூனா கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"மௌத்தானவங்களுக்கு எங்கட ஆக்கள் நாப்பதாம் நாளில கத்தம் ஓதிச் சோறு குடுக்கிறமே, அதுமாதிரி இவங்களுக்கு மூணு மாசத்திலயாம். மதுஷன் தம்பிர பேரில குடுக்கிறாங்க. நீங்களும் சேர்ந்து சமைக்கிறதால முதலாளிக்குப் பெரிய மனசாறுதலாம்."

பிலோமினா எட்டிப் பார்த்தாள். அந்தோனியார் பெட்டிக்குப் பக்கத்தில், வெள்ளை விரித்த மேசையில் மதுஷன் சட்டத்துக்குள் இருந்தான். போட்டில் யாரோ கைத்தொலைபேசியில் எடுத்த படம். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். கிங்ஸ்லி கொளுத்தாத மெழுகுதிரி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவளை நோக்கி வந்தான். தாய் கொளுத்த வேண்டும் என்று கேட்கிறான். அதை விளங்கிக்கொள்ள மைமூனா தேவைப்படவில்லை.

"ஒவ்வொரு ஞாயிறும் கடைசியில சொல்லுறாங்களே, அது என்னெண்டு கேளு," என்றாள் பிலோமினா.

மைமூனா கேட்டாள். கிங்ஸ்லி பதில் சொன்னான். அவள் தமிழில் சொல்லத் தொடங்கி, முடிக்காமல் நிலத்தைப் பார்த்தாள்.

"ஆத்துமா இளைப்பாறட்டும் எண்டு..."

கிங்ஸ்லி இன்னும் திரியை நீட்டிக்கொண்டு நின்றான். அவனுடைய கண் நிறைந்திருந்தது. அவனில் ஒரு பிழையும் காணமுடியாதது பிலோமினாவுக்கு இன்னும் பாரமாக இருந்தது. அவள் திரியை வாங்கவில்லை. அகப்பையை எடுத்தாள். வரிசையில் நின்றவர்களுக்குச் சோறு போட்டாள். மைமூனா பக்கத்தில் நின்று கறி ஊற்றினாள். மேசையில் திரியைக் கடைசியில் கிங்ஸ்லியின் மனைவி கொளுத்தினாள். செபம் தொடங்கியபோது பிலோமினா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்.

வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் திரும்பாமல் கரையோரமாகவே நடந்தாள். குரல் உடைந்த இடத்தில் அவளுக்கு ஒன்றுமே விளங்கவில்லையா? திருப்பித் தா என்று கேட்கிறவன் அப்படியா அழுவான்? விளங்காத பாஷையைத் தேடிப் போனது எதற்காக? தமிழில் கேட்க மாட்டேன் என்று எழும்பி வந்த அதே மன்றாட்டுக்கு, சிங்களத்தில் வாரம் தவறாமல் ஆமென் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவளுடைய குரல்தான் எல்லாவற்றிலும் உரத்த குரல்.

கரையேற்றிய தோணி ஒன்றின் நிழலில் குந்திப் பெட்டியைத் திறந்தாள். செத்தவன் பேரில் கொடுத்த சோற்றை உயிரோடு இருக்கிறவனுக்கு எடுத்து வைக்க முடியாது. கோழிக்குக் கொட்டவும் கை வரவில்லை. கடலைப் பார்த்தபடி அவளே பிசைந்து தின்னத் தொடங்கினாள். புளி தூக்கலாக இருந்தது, அவன் விரும்புகிற மாதிரி. ஒரு பருக்கையும் விடாமல் தின்றாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மற்ற நாட்களில் வாய் மேலே இருக்க வைக்கிற பெட்டியை, அன்றைக்குத் தண்ணீர் வடியத் தட்டில் கவிழ்த்து வைத்தாள். பின்னேரம் அடுப்பு மூட்டவில்லை.